திரை மலையேறும் வழி: லாப நோக்கற்ற திரைப்பட அமைப்புகளும் கீழ் கோத்தகிரியின் பார்வையாளரும்

1. கேள்வி

1982-இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை' வழியாக நீலகிரியின் மூடுபனியையும் மலை ரயிலையும் தமிழ்நாடே பார்த்தது. 41 ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சில், முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமில் எடுக்கப்பட்ட 'தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்' சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அதன் இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸ் உதகையில் வளர்ந்தவர். படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. சந்தா கட்டியவர்கள் பார்த்தார்கள். மலை இப்படித் திரைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. திரை மலைக்கு வருவது அரிது.

கோத்தகிரியைத் தாண்டியுள்ள கீழ் கோத்தகிரியை இக்கட்டுரை ஓர் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறது. தேயிலைத் தோட்டங்களும் படுகர் ஹட்டிகளும், சரிவுகளில் இருளர், குறும்பர் ஊர்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் அடுத்தடுத்து அமைந்த வட்டாரம் அது. சுயாதீனத் திரைப்படக்காரர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் துணைநிற்பதாகச் சொல்லும் லாப நோக்கற்ற அமைப்புகள் தமிழ்நாட்டில் பல இருந்திருக்கின்றன, இருக்கின்றன. அவற்றின் துணை உண்மையில் எத்தகையது? இப்படியொரு மலையூர் வரை அது எட்டுமா? இவ்விரண்டையும் இக்கட்டுரை சேர்த்தே ஆராய்கிறது.

முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இவ்வமைப்புகள் படத்துக்குப் பணம் கொடுத்துச் செய்ததைக் காட்டிலும் பார்வையாளரைத் திரட்டிச் செய்ததே பெரிது என்பது என் கணிப்பு. அந்தத் திரட்டல் சமவெளி நகரங்களிலேயே நின்றுவிட்டதற்குக் காரணம் தூரம் மட்டுமன்று. மொழியும் நேரமும் அதில் பங்கு வகிக்கின்றன.

2. இதுவரையிலான புரிதல்

இந்தியாவில் திரைப்படச் சங்க இயக்கத்தின் வரலாற்றை 1947-இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா ஆகியோரின் முயற்சி அது. சென்னையில் 1957-இல் மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி உருவானது. 1959-இல் ரேயைத் தலைவராகக் கொண்டு இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு அமைந்தது. உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவதால் தணிக்கைச் சான்று இல்லாத அயல்நாட்டுப் படங்களைத் திரையிடும் விலக்கு இச்சங்கங்களுக்குக் கிடைத்தது. அந்த விலக்கே அவற்றின் பலம், பலவீனமும் அதுவே. வெட்டுப்படாத காட்சிகளுக்காகவே உறுப்பினரானவர்கள் அன்று நிறையப் பேர் இருந்ததை இயக்கத்தில் இருந்தவர்களே மறுத்ததில்லை. சந்தா கட்டவும் ஆங்கிலத் துணைத்தலைப்பைப் படிக்கவும் முடிந்த நடுத்தர வர்க்கமே அரங்கில் அமர்ந்தது.

இந்த வரலாற்றைப் பேசுவோர் 'ஆதரவு' என்ற சொல்லைப் பெரும்பாலும் இரண்டு பொருளில் ஆள்கிறார்கள். ஒன்று நிதி, மற்றொன்று விழாவும் விருதும். நிதிக்குச் சான்றாகக் கேரளத்தின் சித்ரலேகாவைக் காட்டுவார்கள். 1965-இல் திரைப்படச் சங்கமாகத் தொடங்கிக் கூட்டுறவு அமைப்பாகவும் வளர்ந்த அது, திரைப்பட நிதிக் கழகத்தின் கடனைக்கொண்டு 1972-இல் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' படத்தைத் தயாரித்தது. வெளியுலகில் 1981-இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு தொடங்கிய சன்டான்ஸ் நிறுவனத்தின் பயிலரங்குகளையும், 1988 முதல் ரோட்டர்டாமிலிருந்து இயங்கும் ஹூபர்ட் பால்ஸ் நிதியையும் சொல்வதுண்டு. அந்த நிதியின் துணைபெற்ற படங்களில் கோவையில் எடுக்கப்பட்ட அருண் கார்த்திக்கின் 'நசீர்' (2020) ஒன்று. திலீப்குமாரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட அந்தத் தமிழ்ப்படத்துக்கு ரோட்டர்டாமில் பணமும் பார்வையாளரும் இருந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும் வழியில் அதைத் திரையிட ஓர் இடம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. வழக்கமான புரிதல் தவறவிடுவது இந்தக் கேள்வியைத்தான்.

3. விருது பெற்ற கழுதை, வீதிக்கு வந்த திரை

மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது இங்கே பயன்படும்.

முதலாவது தமிழில் எடுக்கப்பட்டது. வெங்கட் சாமிநாதன் எழுதி, எம்.பி. சீனிவாசன் நடித்து இசையமைத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆனாலும் தமிழ்நாட்டில் அதற்குத் திரையரங்கு வாழ்வு இல்லை. பின்னாளில் தூர்தர்ஷனில் அறிவிக்கப்பட்ட ஒளிபரப்பும் எதிர்ப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது. அரசு அங்கீகரித்த ஒரு படத்தைத் தன் பொறுப்பில் ஊர் ஊராக எடுத்துச்செல்ல ஓர் அமைப்பு அன்றைய தமிழ்ச் சூழலில் இல்லை. இதை நம் திரைப்பண்பாட்டின் பேரிழப்புகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

இரண்டாவது மலையாளத்தில் வந்த 'அம்ம அறியான்' (1986). 1984-இல் கோழிக்கோட்டை மையமாகக்கொண்டு ஜானும் நண்பர்களும் ஒடெஸா என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தைத் தொடங்கினார்கள். ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டினார்கள்; பறை அடித்தும் வீதி நாடகம் போட்டும் கூட்டம் சேர்த்தார்கள். படம் முடிந்ததும் துண்டை விரித்துச் சிறுதொகைகளை வாங்கினார்கள். அந்தப் பணத்தில் எடுத்த படத்தை அதே ஊர்களுக்கு மீண்டும் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

கதையைக் கவனியுங்கள். வயநாட்டிலிருந்து கிளம்பும் இளைஞன் ஒருவன், இறந்துபோன நண்பனின் தாய்க்குச் செய்தி சொல்லக் கொச்சி வரை போகிறான். போகிற வழியெல்லாம் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, முடிவில் ஒரு கூட்டமே அந்தத் தாயின் முன் போய் நிற்கிறது. பணம் சேர்ந்த விதமும் படத்தின் நடையும் ஒன்றுபோலவே அமைந்ததைத் தற்செயலாக என்னால் கருத முடியவில்லை. பார்வையாளர் எப்படித் திரண்டாரோ அப்படியே படத்தின் வடிவமும் திரண்டிருக்கிறது. கூடலூரை அடுத்த வயநாட்டில் இந்தப் பயணம் தொடங்குவது நீலகிரிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

1987 மே மாதம் ஜான் மறைந்தார். அவரை மையமாகக் கொண்ட அந்த வேகம் அவரோடு தளர்ந்தது என்ற விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. சத்யன் போன்றவர்கள் ஒடெஸாவைத் தொடர்ந்து நடத்தியபோதும், ஒடெஸாவின் பெயர் இன்றும் பெரும்பாலும் ஒரே ஒரு படத்தோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. தனிமனித ஆற்றலை நம்பிய அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இடர் இது.

இதற்கு மாற்றாகச் சிலர் 'மந்தன்' (1976) படத்தைச் சொல்வார்கள். குஜராத் பால் கூட்டுறவின் 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து ஷியாம் பெனகலின் அந்தப் படத்தைத் தயாரித்தார்கள். தங்கள் படத்தைப் பார்க்க லாரிகளில் வந்து இறங்கினார்கள். 2024-இல் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதை மீட்டெடுத்துக் கான் திரைப்பட விழாவில் காட்டியது. கூட்டுறவின் வலு இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த விவசாயிகளிடமிருந்து பணத்தைத் திரட்டியது முன்பே நிலைத்திருந்த ஒரு வணிக அமைப்பு. அதன் வெற்றிக்கதைதான் படமாகவும் ஆனது. ஒடெஸாவின் துண்டில் காசு போட்டவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை, லாபமும் இல்லை. பார்வையாளரை வளர்த்தது எது என்று பார்த்தால் என் சாய்வு ஒடெஸாவின் பக்கமே.

4. தமிழ்நாட்டில் நடப்பவை

மதுரையில் ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன் மறுபக்கம் அமைப்பின் வழியே 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறார். கல்லூரி அரங்குகள், சிறு கூடங்கள் ஆகியவற்றில் சிக்கனமாக நடக்கும் விழா அது. படம் முடிந்ததும் இயக்குநரும் பார்வையாளரும் நேருக்கு நேர் பேசுவார்கள். மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) வந்தபோது, திரையிடலுக்குக் காவல்துறைத் தடைகள் எழுந்தன. அப்போது சிறிய கூடங்களும் தொழிற்சங்க, மாணவர் குழுக்களுமே அந்தப் படத்துக்கு முதல் இருக்கைகளைக் கொடுத்தன. பிறகுதான் அது யூடியூபுக்குப் போனது. 2004-இல் மும்பை ஆவணப்பட விழா, இந்தியப் படங்களுக்குத் தணிக்கைச் சான்று கேட்டதை எதிர்த்து ஆவணப்படக்காரர்கள் 'விகல்ப்' என்ற மாற்று விழாவை எழுப்பியதும் இதே வரிசையில் வரும். சட்டத்தின் இடுக்குகளில் இருக்கை போட்டுத் தருவதும் ஆதரவுதான்.

சென்னையில் 2008-இல் அருண் தொடங்கிய தமிழ் ஸ்டுடியோ வேறொரு வழியைத் தேர்ந்தது. குறும்பட வட்டத்தின் மாதச் சந்திப்பு, படத்தொகுப்பாளர் பி. லெனின் பெயரில் குறும்படக்காரர்களுக்கு விருது, 'படிமை' என்ற பயிற்சித் திட்டம், 'பேசாமொழி', 'படச்சுருள்' இதழ்கள், வடபழனியில் பியூர் சினிமா புத்தகக் கடை, 2018-இல் சுயாதீனத் திரைப்பட விழா என ஒன்றைத் தொட்டு மற்றொன்று முளைத்தது. திரையிடலும் வாசிப்பும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் வந்தது தமிழில் புதிது. படம் பார்த்தவர் அதைப் பற்றிப் படிக்கவும், படித்தவர் எழுதவும், எழுதியவர் எடுக்கவும் அங்கே வாய்ப்பு இருந்தது. எனினும் அந்த வட்டத்துக்குள் வர, ஒருவர் வடபழனிக்கு வந்தாக வேண்டும். கீழ் கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்குச் சென்னையில் அறை வாடகையே முதல் தணிக்கை.

அந்த வகையில் மலைக்கு நெருக்கமாக நான் கருதுவது 'நிழல்' இதழின் முயற்சி. ப. திருநாவுக்கரசு நடத்தும் அவ்விதழ், பதியம் அமைப்போடு சேர்ந்து தமிழ்நாட்டின் பல சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் குறும்படப் பயிற்சிப் பட்டறைகளை நடத்தியது. பயிற்சி ஊருக்கு வந்தது. மாணவர் தன் ஊரையே படமெடுத்தார். கோவையில் கோணங்கள் அமைப்பு ஒரு மருத்துவமனையின் அரங்கை இரவல் வாங்கி ஞாயிறுதோறும் உலகப் படங்களைக் காட்டிவந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். மலையடிவாரம் வரை திரை வந்திருந்தது.

இவ்வமைப்புகள் எல்லாவற்றிலும் ஒரு குறை பொதுவாக உண்டு. படக்காரருக்குத் திரையிடல் கட்டணம் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. இலவசத் திரையிடல் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். அரங்குக்கு வாடகை உண்டு, ஒலிபெருக்கிக்கு வாடகை உண்டு, தேநீருக்கும் காசு உண்டு. படத்துக்கு மட்டும் நன்றி. லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) பொதுமக்களின் நன்கொடையில் உருவானது என்பது, படத்துக்குப் பணம் தர மக்கள் ஆயத்தமாக இருப்பதற்குச் சான்று. கேட்கும் துணிவு அமைப்புகளுக்கு வர வேண்டும். தொகை சிறியதானாலும் அது கையில் கொடுக்கப்பட வேண்டும்.

5. மலையில் மாறும் கணக்கு

நீலகிரியில் பொதுநல அரங்கம் என்ற எண்ணம் புதிதன்று. உதகையின் அசெம்பிளி ரூம்ஸ், ஆங்கிலேயர் காலத்தில் மக்களின் பொழுதுபோக்குக்கென்று அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்ட திரையரங்கு. அங்கே குறும்பட விழாக்களும் நடந்திருக்கின்றன. ஆனால் கோத்தகிரியிலிருந்தே உதகை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கீழ் கோத்தகிரிக்காரர் இன்னும் அப்பாலிருந்து வர வேண்டும். மாலைக் காட்சி முடிந்து திரும்பும் வழியில் கடைசிப் பேருந்து மட்டுமன்று, காட்டுமாடும் கரடியும் சிறுத்தையும் கணக்கில் வரும். சமவெளியின் திரைப்படச் சங்கங்கள் மாலை 6 மணியை இயல்பான நேரமாகக் கொண்டிருக்கின்றன. மலையூரில் அந்த நேரம் வீட்டுக்குள் இருக்க வேண்டிய நேரம். தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் பெண்கள். கொழுந்து நிறுத்து முடித்து, விறகும் தண்ணீரும் பார்த்து, உலை வைக்கும் வேளையும் அதுவே. எனவே இங்கே திரையிடல் என்பது ஞாயிறு பகல், சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய சமுதாயக் கூடம் அல்லது பள்ளி வகுப்பறை. இதைச் சின்ன ஏற்பாடு என்று கருதிவிடக் கூடாது. நேரத்தைத் தேர்வது பார்வையாளரைத் தேர்வதுதான்.

அடுத்தது மொழி. இந்தப் பகுதியை நான் சற்று விரித்தே எழுத வேண்டும். நம் திரைப்பட அமைப்புகள் காட்டும் உலகப் படங்களின் அடியில் ஓடுவது ஆங்கிலம். கல்லூரி தாண்டாதவர் அங்கேயே விலக்கப்படுகிறார். தமிழில் துணைத்தலைப்பு இடும் வேலையை எந்த அமைப்பும் தன் முதற்பணியாக எடுத்துக்கொண்டதில்லை. கோத்தகிரி வட்டாரத்திலோ படுகும் தமிழும் இருளர், குறும்பர், கோத்தர் மொழிகளும் ஒரே சந்தையில் ஒலிக்கின்றன. தமிழ்த் துணைத்தலைப்பு இட்டாலும் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அது உதவாது. ஒடெஸா சாப்ளினைத் தேர்ந்தது இந்தச் சிக்கலுக்கான விடைகளில் ஒன்று. மௌனப்படக் காலத்தில் நம் ஊர்களில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர் இருந்தார். இன்னொரு விடை அவரிடம் இருக்கிறது. உள்ளூர் இளைஞர் ஒருவர் படுகில் அல்லது இருளர் மொழியில் படத்தோடு சேர்ந்து சொல்லிக்கொண்டு போவதைத் தூய சினிமா ரசனைக்கு எதிரானதாகச் சிலர் கருதக்கூடும். அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. படம் பார்ப்பவருக்குச் சேர்வதே முதல் தேவை.

குரல் இங்கே முன்பே இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 1993-இல் தொடங்கப்பட்டுக் கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, 2013 முதல் ரேடியோ கோத்தகிரி 90.4 என்ற சமுதாய வானொலியை நடத்திவருகிறது. பழங்குடி மொழிகளில் பேசும் உள்ளூர்க்காரர்களே அதன் ஒலிபரப்பாளர்கள். தேன் எடுப்பதும் விதை காப்பதும் பாட்டும் அதில் வருகின்றன. ஒலிப்பதிவும் தொகுப்பும் அறிந்த ஒரு தலைமுறை கோத்தகிரியில் உருவாகியிருக்கிறது என்பதே இதன் பொருள். சன்டான்ஸ் வகைப் பயிலரங்கை மலைமேல் புதிதாக எழுப்ப வேண்டியதில்லை. வானொலி வரை வந்த கைகளுக்குக் கேமராவும், 'நிழல்' பட்டறை போன்ற ஒரு வாரப் பயிற்சியும் வந்துசேர்ந்தால் போதும்.

மொழிகள் திரைக்கு வரத் தொடங்கியும் விட்டன. கூடலூர்ப் பக்கமும் வயநாட்டிலும் வாழும் பணியரின் மொழியில் மனோஜ் கானா எடுத்த 'கெஞ்சிரா', 67-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த பணிய மொழிப் படமாகத் தேர்வானது. இருளர் மொழியில் பிரியநந்தனன் 'தபாரி குருவி'யை எடுத்தார். படுகிலும் படங்கள் வந்திருக்கின்றன. இந்த மொழிகளைப் பேசுவோர் வாழும் ஊர்களில் இப்படங்களைக் காட்டும் பொறுப்பை விநியோகஸ்தர் ஏற்க மாட்டார். அவருக்கு அதில் வருமானம் இல்லை. லாப நோக்கற்ற அமைப்பு என்ற ஒன்று இருப்பதற்கான காரணமே இத்தகைய வேலைதான்.

6. பணம் பற்றி

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவான இன்கோசர்வ் 16 தொழிற்சாலைகளையும் சுமார் 30,000 உறுப்பினர்களையும் கொண்டது. ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 30 லட்சம். ஒரு நல்ல ஆவணப்படத்துக்கும் ஓராண்டுத் திரையிடலுக்கும் அது தாராளம். 'மந்தன்' கணக்கு இங்கேயும் பொருந்தும் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை கேட்டு 2023-இல் கோத்தகிரி வட்டாரத்தில் தொடர் உண்ணாவிரதம் இருந்தவர்களும் இதே விவசாயிகள்தாம். கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் ஏறினால் மூச்சுவிடும் வீட்டிடம் படத்துக்குப் பங்கு கேட்பதை எளிதான யோசனையாக என்னால் முன்வைக்க முடியாது. தோட்டக் கூலியிடம் கேட்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் முடிவு. முதலில் படம் வரட்டும், பணம் பிறகு வரட்டும். நீலகிரியின் பின்புலத்தைப் பயன்படுத்திச் சம்பாதித்த வணிகப் படங்கள் ஏராளம். தோட்டத் தொழிலாளர் துயரைச் சொன்ன 'பரதேசி' (2013) போன்றவையும் இந்த மலைமக்களின் வாழ்வோடு உறவுள்ளவை. இவற்றையும் சுயாதீனப் படங்களையும் ஊருக்குக் கொண்டுவரும் செலவை வெளியில் இருப்பவர்கள் ஏற்கட்டும். பார்த்தவர்கள் தாங்களாகக் கொடுக்கும் 10 ரூபாயும் 20 ரூபாயும் அந்தப் படக்காரருக்கே போகட்டும். 'அம்ம அறியான்' அப்படித்தான் தொடங்கியது.

7. ஒரு வேண்டுகோள்

நீலகிரியில் ஆவணப்படமோ குறும்படமோ எடுத்தவர்களுக்கும், சென்னை, மதுரை, கோவைத் திரைப்பட அமைப்புகளின் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒரு ப்ரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, மின்தடைக்கு ஒரு பேட்டரி, கறுப்புத் துணி சில கஜம், உடன் ஊர்மொழி பேசும் ஒருவர். இவ்வளவுதான் தேவை. உங்கள் படத்தில் முகம் காட்டியவர்கள் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை என்றால், அடுத்த விழாவுக்கு அனுப்பும் முன் ஒரு பிரதியைக் கோத்தகிரிக்கு அனுப்புங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நீங்களே கொண்டுவாருங்கள்.